தெளிந்த நீரும் உலர்ந்த மரமும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு ஒன்றும் இல்லை. வெள்ளாறும் அக்கினியாறும் அம்புலியாறும் மழைக்காலத்தில் பெருக்கெடுத்து, தை கடந்ததும் மணற்படுகைகளாகக் கிடக்கின்றன. ஆண்டுக்கு 800 முதல் 900 மில்லிமீட்டர் வரை பெய்யும் மழையில் பெரும்பங்கை வடகிழக்குப் பருவக்காற்று சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போகிறது. வடமேற்கே நார்த்தாமலைப் பக்கம் கருங்கற்பாறை. கிழக்கே ஆலங்குடிப் பக்கம் செம்மண். தென்கிழக்கே மணமேல்குடிக் கடற்கரையில் உவர்மணல். இந்நிலத்தில் குடியமர்ந்தோர் விண்ணீரைத் தேக்கினர்; தேங்கியதைத் தெளியவைத்துக் குடித்தனர்; கிளிஞ்சலைச் சுட்டுச் சுவர் பூசினர்; கிடைத்த மரத்தைக் கதவாகவும் கலப்பையாகவும் செதுக்கினர்.

இக்கைத்திறன்களைக் கற்றுக்கொள்ள இன்று இளைஞர் பலர் விரும்புகின்றனர். நல்ல விருப்பம். ஆயினும் முன்னோர் செய்தனர், ஆகவே நாமும் செய்வோம் என்ற அளவில் நின்றுவிட்டால் அக்கல்வி பாதியிலேயே முறிந்துபோகும். ஒவ்வொரு கைத்திறனுக்குள்ளும் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் அடங்கியுள்ளன. அவற்றை அறிந்தவர்க்கே ஒரு திறன் எதுவரை துணைவரும், எவ்விடத்தில் கைவிடும் என்பது புலப்படும். குடிநீரைப் பொறுத்தவரை அந்த எல்லையை அறியாமை உயிருக்கே கேடாக முடியும்.

ஊருணி நீர் ஏன் நாட்கணக்கில் கலங்கியே கிடக்கிறது? கலங்கலுக்குக் காரணம் களிமண் துகள். மணலைப் போன்ற பருத்த துகள் சில நொடிகளில் அடியில் படிந்துவிடும். களிமண் துகளோ இரண்டு மைக்ரானுக்கும் குறைவானது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அசைவற்ற நீரில் இரண்டு மைக்ரான் துகள் ஒரு நாளில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் இறங்கும். அதில் பத்தில் ஒரு பங்கே அளவுள்ள துகளின் வேகம் நூறில் ஒரு பங்காகக் குறைந்து, நாளொன்றுக்கு மூன்று மில்லிமீட்டர் என்றாகிவிடும். குடத்தின் அடியை அது தொடுவதற்கு மாதங்கள் வேண்டும். துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்தால் விரைவில் படிந்துவிடும் அல்லவா? சேர்வதில்லை. களிமண் துகளின் புறப்பரப்பு எதிர்மின்னூட்டம் உடையது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும்; ஆகவே துகள்கள் அண்டாமல் விலகி விலகியே மிதக்கின்றன.

இவ்விலக்கத்தை முறிக்கும் பொருளைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே கண்டறிந்தனர். அது தேற்றாங்கொட்டை. கலித்தொகை இவ்விதையின் தெளிவிக்கும் பண்பை உவமையாகவே ஆண்டிருக்கிறது. தேற்றா, எட்டியின் உறவினம்; ஆயினும் எட்டியின் நஞ்சு இதில் இல்லை. மண்பானையின் சொரசொரப்பான உட்சுவரில் கொட்டையைச் சில சுற்று உரைப்பர். வெண்மையான விழுது சுவரில் ஒட்டும். பின் நீரை ஊற்றி மூடிவைப்பர். விழுதிலுள்ள நீண்ட சர்க்கரைச்சங்கிலி மூலக்கூறுகள் துகளுக்கும் துகளுக்கும் இடையே பாலமாகப் படர்ந்து அவற்றைத் திரளாக்குகின்றன. திரள் பருக்கிறது, கனக்கிறது, அடியில் அமிழ்கிறது. இரவு ஊற்றிய நீர் காலையில் தெளிந்திருக்கும்.

முருங்கை விதையும் இவ்வேலையைச் செய்யும், வழிதான் வேறு. அதிலுள்ள புரதம் நேர்மின்னூட்டம் கொண்டது. அது களிமண்ணின் எதிர்மின்னூட்டத்தை ஈடுசெய்துவிடுவதால் விலக்கம் ஒழிந்து துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. சூடான் நாட்டுப் பெண்கள் நைல் ஆற்று நீரை இவ்விதையால் தெளியவைப்பதைச் செருமானிய அறிஞர் சாமியா அல்-அசாரியா ஜான் கண்டு, ஆராய்ந்து உலகறியச் செய்தார். செய்முறை எளிது. நன்கு முற்றி மரத்திலேயே உலர்ந்த காயின் விதையை எடுத்து, இறகையும் தோலையும் நீக்கி, வெள்ளைப் பருப்பை நுண்பொடியாக்க வேண்டும். மிகவும் கலங்கிய நீராயின் ஒரு லிட்டருக்கு ஒன்றிரண்டு விதை போதும். பொடியைச் சிறிது நல்ல நீரில் கரைத்துத் துணியில் வடித்துக் கலங்கல் நீரில் ஊற்றி, முதலில் ஒரு நிமிடம் விரைந்தும் பின்னர் ஐந்து நிமிடம் மெல்லவும் கலக்க வேண்டும். விரைந்த கலக்கல் மருந்தை எங்கும் பரப்பும். மெல்லிய கலக்கல் திரளை உடைக்காமல் வளர்க்கும். இந்த மெதுவான கலக்கலில்தான் பலர் தவறுகின்றனர். கை விரைந்தால் கட்டிய திரள் சிதறிவிடும். ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்துத் தெளிவை இறுத்துக்கொள்ளலாம். விதையிலிருந்து கரைந்த உயிர்ப்பொருள் நீரில் சிறிது தங்கிவிடுமாதலால் அன்றைய நீரை அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

இங்கேதான் எல்லை குறுக்கிடுகிறது. தெளிந்த நீர் தூய நீராக இருந்தே தீரும் என்பதில்லை. திரளோடு நுண்ணுயிர்களில் பெரும்பகுதி அமிழ்ந்துவிடும் என்பது உண்மையே. எஞ்சியவை சிலவாயினும் வயிற்றுப்போக்கை உண்டாக்க அவை போதும். பாலிலிருந்து நெய் வரையில் மோந்து பார்த்தே தரம் சொல்லும் மூதாட்டியின் மூக்குக்கும் இந்நுண்ணுயிர்கள் அகப்படா. அவை இருப்பதை அறிய ஓர் எளிய ஆய்வுமுறையை 1982-இல் மஞ்சா, மௌரியா, ராவ் என்னும் இந்திய அறிவியலாளர் மூவர் வெளியிட்டனர். இரும்பு உப்பும் கந்தகச் சேர்மமும் ஊட்டப்பொருளும் தோய்த்து உலர்த்திய தாள்துண்டு ஒரு சிறு புட்டியில் இருக்கும். அதில் நீரை ஊற்றி வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைத்தால், மலக்கழிவிலிருந்து வந்த நுண்ணுயிர்கள் இருப்பின் அவை ஐதரசன் சல்பைடு வளியை உண்டாக்கும். அவ்வளி இரும்போடு சேர்ந்து நீரைக் கருமையாக்கிவிடும். பளிங்குபோல் இருந்த நீர் மறுநாள் காலை மைபோல் கறுத்து நிற்பதை ஒருமுறை கண்ட மாணவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. நீர் தெளிவித்தலைக் கற்பிக்கும் எவரும் இப்புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தெளிந்த நீருக்கு அடுத்த படி மணல் வடிகட்டி. மணல் வெறும் சல்லடை அன்று. 1829-இல் இலண்டனின் செல்சீ நீர்நிலையத்தில் சேம்சு சிம்சன் மெதுமணல் வடிகட்டியை அமைத்தபோது, அது ஏன் நோயைத் தடுக்கிறது என்பதை எவரும் அறிந்திருக்கவில்லை. நுண்ணுயிரே நோய்க்குக் காரணம் என்ற கொள்கை அன்று நிலைபெறவில்லை. 1892-இல் செருமனியின் ஆம்பர்க்கு நகரில் காலரா 8,000-க்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டு போயிற்று. அந்நகரை ஒட்டியே இருந்த ஆல்டோனாவோ பெரிதும் தப்பியது. இரண்டும் எல்ப் ஆற்று நீரையே குடித்தன. ஆம்பர்க்கு அதை வடிகட்டவில்லை. ஆல்டோனா மணலில் வடித்தது. ஒரே தெருவின் ஒருபுறம் சாவும் மறுபுறம் நலமும் நின்ற அக்காட்சி மணலின் ஆற்றலை உலகிற்குக் காட்டிற்று.

மணலின் மேற்பரப்பில் சில வாரங்களில் மெல்லிய வழவழப்பான படலம் ஒன்று வளர்கிறது. பாசி, நுண்ணுயிர், அவற்றை உண்ணும் ஓரணு உயிர்கள் யாவும் அதில் குடியிருக்கின்றன. மேலிருந்து இறங்கும் நோய்நுண்ணுயிர்களை இப்படலம் பிடித்து உண்டுவிடுகிறது. வடிகட்டுவது மணல் அன்று, மணலில் வாழும் உயிர்க்கூட்டம். இவ்வொன்றை உணர்ந்தால் வடிகட்டியைப் பேணும் முறை தானே விளங்கிவிடும். படலம் உயிருள்ளது; ஆகவே காயக் கூடாது. நீர் வெளியேறும் குழாயின் வாயை மணல்மட்டத்திற்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே வைத்தால், ஊற்றாத வேளையிலும் அவ்வளவு நீர் மணலின் மேல் நிற்கும். கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தில் தேவிது மான்சு என்பார் 1990-களில் வீட்டளவு வடிகட்டிக்கு இந்த அமைப்பைக் கொணர்ந்தார். படலத்திற்கு உணவும் உயிர்வளியும் வேண்டும். ஆகவே நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டும். அதற்கு வேலைசெய்ய நேரம் வேண்டும். ஆகவே நீர் மெல்ல இறங்க வேண்டும். பெரிய மெதுமணல் வடிகட்டிகளில் நீர் ஒரு மணி நேரத்தில் பத்து முதல் முப்பது சென்டிமீட்டர் வரையே இறங்கும். வடிதல் மந்தமானதும் மணல் முழுவதையும் வெளியே கொட்டிக் கழுவிவிடுவோர் உண்டு. அவர்கள் அழுக்கோடு காவலையும் கழுவிவிடுகின்றனர். மேற்பரப்பை மட்டும் மெல்லக் கிளறி, கலங்கிய நீரை மொண்டு நீக்கினால் போதும். சில நாளில் படலம் மீண்டுவிடும்.

வெயில் மிகுந்த நம் நாட்டில் கதிரவனும் துணைநிற்கிறான். நிறமற்ற கண்ணாடிப் புட்டியிலோ ஞெகிழிப் புட்டியிலோ தெளிந்த நீரை நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்தினால், புற ஊதாக் கதிரும் வெப்பமும் சேர்ந்து நோய்நுண்ணுயிர்களை அழிக்கின்றன. மந்தாரமான நாளாயின் இரண்டு நாள் வைக்க வேண்டும். கலங்கிய நீரில் கதிர் உட்புகாது. ஆதலால் தேற்றாவோ முருங்கையோ முதலில் வர வேண்டும், வெயில் பின்னர் வர வேண்டும். செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் காலரா உள்ளிட்ட நோய்களின் நுண்ணுயிர்கள் அழிந்ததை 2012-இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று காட்டியது. ஐயமிருந்தால் கொதிக்கவைப்பதே இறுதிப் புகலிடம். நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் நின்றால் போதும்.

ஆயினும் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்துக் கிணற்று உவர்ப்பை இவற்றுள் எதுவும் நீக்காது. உப்பு, துகளாக மிதப்பதன்று. நீரில் கரைந்து கலந்துவிட்டது. அங்கே சவ்வூடு நீரைத் தள்ளும் பொறிக்கு வேலை உண்டு. உவர்ப்பில்லாத மேட்டுப்பகுதிகளில் அப்பொறியை வாங்கிவைத்து, குடிக்கும் நீரினும் மிகுதியான நீரைச் சாக்கடையில் விடுவது இவ்வறண்ட மாவட்டத்தில் ஒப்பத்தக்க செயலன்று.

கலங்கலே இல்லாத நீர் ஒன்று உண்டு. அது கூரையிலிருந்து வழியும் மழைநீர். 100 சதுர மீட்டர் ஓட்டுக்கூரையிலோ தளத்திலோ 850 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 85,000 லிட்டர்; ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 68,000 லிட்டர் எஞ்சும். ஐவர் வாழும் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லிட்டர் எனக் கொண்டால் ஆண்டுத் தேவை 18,250 லிட்டர்தான். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அது நீரை நிலத்துள் இறக்கும் குழியோடு நின்றுவிட்டது. முதல் மழையைக் கழித்துவிட்டு, பின்வருவதை மணலில் வடித்து, ஒளிபுகாத தொட்டியில் கொசு நுழையாமல் மூடிவைத்தால் ஒரு வீடு கோடையையும் கடந்துவிடும்.

வீட்டளவில் நாம் குடத்தில் செய்வதை இம்மாவட்டத்தின் முன்னோர் ஏரியளவில் செய்துவைத்தனர். பல கண்மாய்களின் உள்ளே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கற்றூண்களும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களும் நிற்பதைக் காணலாம். அதுவே குமிழித் தூம்பு. தூண்களின் அடியில் கற்றொட்டி ஒன்று உண்டு. அதன் மேற்பலகையில் உள்ள துளை நீரோடித் துளை. தொட்டியின் அடியில், ஏரித்தரையை ஒட்டி உள்ளவை சேறோடித் துளைகள். மேலுள்ள அடைப்புக்கல்லைத் தூக்கியதும் நீர் மேல்துளை வழியே பாய, அவ்விழுப்பில் தரையிலுள்ள வண்டலும் கீழ்த்துளைகள் வழியே சேர்ந்து கரைக்கு அடியிலுள்ள கால்வாயில் வெளியேறும். பாசனம் நடக்கும்போதே தூர்வாருதலும் ஓரளவு நடந்துவிடும். வயலுக்கு வண்டல் உரமாகும். துகளின் படியும் வேகத்தையும் நீரின் இழுவிசையையும் கணக்கிட்டறியும் கருவிகள் இல்லாத காலத்தில், கூர்ந்து நோக்கியே இதனை வடித்த கைகளுக்கு வணக்கம் செலுத்தாமல் இவ்விடத்தைக் கடக்க என்னால் இயலவில்லை.

சுண்ணாம்பைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். கிளிஞ்சலோ சுண்ணக்கல்லோ ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் 100 கிலோ வெந்தால் 44 கிலோ கரியமில வளியாகப் பறந்து, 56 கிலோ நீற்றாச் சுண்ணம் எஞ்சும். அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீறும். சுவரில் பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வளியை மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாகிறது. இராயவரம், அரிமளம், கோனாபட்டு ஆகிய ஊர்களின் நகரத்தார் வீடுகளில் கண்ணாடிபோல் மின்னும் சுவர்கள் இவ்வேதிவினையின் விளைவே. இறுகுவதற்குக் காற்றும் ஈரமும் காலமும் வேண்டுமாதலால், சிமிட்டிக்குப் பழகிய கை சுண்ணாம்பில் பொறுமையைப் புதிதாகப் பயில வேண்டும்.

இனி மரம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல், ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் வட்டாரத்துத் தென்னையையும் பலாவையும் மாவையும் வேரோடு சாய்த்தது. தலைமுறைகள் காத்த பலாமரங்கள் ஓரிரவில் தரையில் கிடந்தன. அத்துயரைச் சொற்கள் தாங்கமாட்டா. ஆயினும் அன்று உயர்ந்த தச்சுமரம் விறகு விலைக்குப் போனதற்குப் புயல் மட்டும் காரணம் அன்று. வீழ்ந்த மரத்தை அறுத்து அடுக்கிக் காக்கும் அறிவு வீடுதோறும் இருந்திருப்பின், அதில் ஒரு பகுதியேனும் நிலையாகவும் கதவாகவும் இன்று நின்றிருக்கும். பலா, வீணைக்கும் மத்தளத்திற்கும் உகந்த மரம். அறுத்தவுடன் மஞ்சளாக மின்னி, ஒளிபட்டுக் காலப்போக்கில் செம்பழுப்பாக மாறும். அம்மஞ்சள் அதிலுள்ள மோரின் என்னும் நிறமியால் வருவது.

பச்சை மரத்திலுள்ள நீரின் எடை, உலர்ந்த மரப்பொருளின் எடையில் பாதியாகவும் சில மரங்களில் அதற்கு மேலாகவும் இருக்கும். இந்நீர் இருவகை. மரநுண்ணறைகளின் குழியில் நிற்பது ஒன்று. அறைச்சுவரிலேயே பிணைந்திருப்பது மற்றொன்று. குழிநீர் வெளியேறும்வரை மரத்தின் எடை குறையும், உருவம் மாறாது. ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கும்போது சுவர்நீர் வெளியேறத் தொடங்குகிறது. மரம் சுருங்குவது அப்போதுதான். அச்சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவினதன்று. நீளவாக்கில் புறக்கணிக்கத்தக்க அளவே; நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சிறிது; ஆண்டுவளையத்தை ஒட்டிய திசையில் அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. முழுத்தடியாக உலரும் மரம் பட்டையிலிருந்து நடுவை நோக்கிப் பிளப்பது இதனால்தான்.

தேர்ந்த தச்சர் பலகையை வாங்குமுன் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. தலைப்பைத் திருப்பிப் பார்க்கிறார். அங்கே வளையங்கள் வில்லாக வளைந்து தெரிந்தால், உலரும்போது அவ்வில் நிமிர முயலும். பலகையின் பட்டைப்பக்கம் குழியும். வளையங்கள் நிமிர்ந்த கோடுகளாகத் தெரிந்தால் பலகை வளையாது. கதவுக்கு இரண்டாவதை எடுத்துக்கொண்டு முதலாவதை அலமாரியின் முதுகுக்கு ஒதுக்கிவிடுவார். ஒரு சொல்லும் பேசாமல் அவர் ஒரு நொடியில் செய்யும் இத்தேர்வில் மேலே சொன்ன அறிவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

உலர்த்துவதற்கும் முறை உண்டு. நீர் பக்கவாட்டினும் தலைப்பின் வழியே பன்மடங்கு விரைந்து வெளியேறும். தலைப்பு முந்தி உலர்ந்து பிளந்துவிடும். ஆகவே அறுத்த அன்றே தலைப்புகளில் மெழுகோ வண்ணமோ சாணமும் களிமண்ணும் குழைத்த பூச்சோ பூச வேண்டும். நிழலில், தரைக்கு மேலே, பலகைக்கும் பலகைக்கும் இடையே ஒரே பருமனுள்ள குச்சிகளை நேர்க்கோட்டில் வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்ற வேண்டும். ஓரங்குலப் பருமனுக்கு ஓராண்டு என்பது உலகெங்கும் வழங்கும் கைக்கணக்கு. ஐயமிருப்பின் ஒரு பலகையை மாதந்தோறும் எடைபோட்டு வர வேண்டும். எடை இறங்குவது நின்றுவிட்டால் பலகை சுற்றுப்புறக் காற்றோடு சமநிலை எய்திவிட்டது என்று பொருள். நம் பகுதியில் அது 12 விழுக்காட்டு ஈரத்தை ஒட்டி அமையும். தடியைச் சில மாதம் கண்மாயில் ஊறப்போடும் வழக்கத்திலும் பொருள் உண்டு. மரத்திலுள்ள இனிப்பும் மாவும் ஊறலில் குறைந்துவிட, மரத்தைத் துளைக்கும் வண்டுக்கு இரை இல்லாது போகிறது.

பனை இவ்விதிகளுக்குப் புறம்பானது. வேம்பிலும் பலாவிலும் வைரம் நடுவில். பனையிலோ வலிமை முழுதும் வெளிவட்டத்தில். கருநிற நார்க்கற்றைகள் ஓரத்தில் நெருங்கியும் உள்ளே போகப் போக அருகியும் நிற்கும். முதிர்ந்த பனையைப் பிளந்து உட்சோற்றைச் செதுக்கி நீக்கிவிட்டு, எஞ்சிய வைரத்தைப் பனங்கையாகக் கூரைக்கு ஏற்றினர். வாய்ச்சியைப் பிடிக்கக் கற்கும் இளைஞன் முதலில் பனையிலும் அடுத்துப் பூவரசிலும் பழகினால், ஒரே கருவி இரண்டு மரங்களில் இருவேறாக நடப்பதைக் கையே உணர்ந்துகொள்ளும்.

இவற்றை எங்கே கற்பது? கீரனூரை அடுத்த ஒடுகம்பட்டியில், குடும்பம் என்னும் அமைப்பின் கொழுஞ்சிப் பண்ணை இருக்கிறது. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் (1938–2013) உழைத்து வளர்த்த நிலம் அது. பண்ணைக்குப் பெயர் தந்த கொழுஞ்சி, வறண்ட மேட்டில் தானே முளைப்பது, கால்நடை தீண்டாதது, வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்களால் காற்றின் நைட்ரசனை மண்ணுக்குச் சேர்ப்பது. காய்ந்த மண்ணை மீட்பதற்கு எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது. உழவர் பலர் அங்கே பயிற்சி பெற்றுத் திரும்பியுள்ளனர்.

முதியோர்க்குக் கல்வி ஏறாது என்பாருக்கும் இம்மாவட்டமே மறுமொழி கூறியிருக்கிறது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, 1991-இல் இங்கே எழுத்தறிவு புகட்ட அறிவொளி இயக்கம் எழுந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் அதில் முன்னின்றனர். எழுத்தோடு மிதிவண்டியும் கற்பிக்கப்பட்டது. பல்லாயிரம் உழைக்கும் பெண்கள் வண்டியேறினர். தலையிலும் இடுப்பிலும் சுமந்த நீர்க்குடம் வண்டியின் பின்னிருக்கைக்கு இடம் மாறியது. கல்லுடைக்கும் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து கற்குழிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினர். அன்றாடத் தேவையோடு பிணைந்த அறிவு எந்த வயதிலும் ஏறும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா. நீர் தெளிவித்தலுக்கும் தச்சுக்கும் அவ்வாறே ஊர்தோறும் வகுப்பு வேண்டும். கறுக்கும் புட்டியும் எடைத்தராசும் உளியும் அங்கே ஒரே மேசையில் இருக்க வேண்டும்.

பாடத்திட்டத்தை மழையே வகுத்துத் தருகிறது. சித்திரையில் ஊருணி வற்றியதும் வண்டல் அள்ளலாம். அவ்வண்டலிலேயே களிமண் துகளின் இயல்பை விளக்கலாம். முருங்கை விதையை முற்றவிட்டு எடுத்துச் சேர்த்துவைக்கவும் அதுவே காலம். ஆடியில் கூரையின் நீர்வழிகளைக் கழுவிச் சீர்செய்துகொள்ளலாம். ஆவணி இறுதியில் மணல் வடிகட்டிக்கு நாள்தோறும் நீர் ஊற்றத் தொடங்கினால், புரட்டாசியில் படலம் முதிர்ந்துவிடும். ஐப்பசியின் முதற்கலங்கல் வருமுன் வடிகட்டி அணியமாக நிற்கும். மழை ஓய்ந்த தையில் மரத்தை அறுத்து அடுக்கினால், கடுங்கோடைக்கு முன் ஈரத்தின் முதற்பகுதி மெல்ல இறங்கிவிடும், பிளவு குறையும். அவ்வடுக்கிலிருந்து ஓரங்குலப் பலகை அடுத்த தையில் இழைப்புளிக்கு வரும். ஈரங்குல நிலைச்சட்டம் அதற்கடுத்த தையில்.